கடல்மல்லையில் காணும் காஞ்சி

(செங்கற்பட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



தொண்டைமண்டலத்துச் சரித்திரத்தில் விரும்பிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசுக என்று அறக்கட்டளைக் குழுவினர் பணித்தபோது, காஞ்சிமாநகரைப் பற்றியே பேசுவதென்று நான் அப்போதே தீர்மானித்தேன். காஞ்சியைப் பற்றிக் காஞ்சியில் இருந்துகொண்டு பேசுவோர் பலர். அந்நகரைக் குறித்துச் செங்கற்பட்டில், பாலாற்றை அடுத்து, தலைநகருக்கும் கடலுக்கும் ஏறத்தாழ நடுவழியில் நின்று பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. நான் சொல்லப்போகும் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

அக்கருத்து ஒன்றே. பல்லவரது தலைநகரம் காஞ்சி என்னும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்குவதன்று. பாலாற்றின் வழியே கடல்வரை நீண்டு, கடல்மல்லை எனப்படும் மாமல்லபுரத்தைத் தன் வாயிலாகக் கொண்டிருந்த பெருநகர அமைப்பு அது. காஞ்சியோ இரண்டாயிரம் ஆண்டுகளாக மக்கள் இடையறாது வாழ்ந்துவரும் ஊராகையால், ஒவ்வொரு காலமும் தனக்கு முந்திய காலத்தின் மேலேயே கட்டிக்கொண்டு போயிற்று. கடற்கரையில், துறைமுக வாழ்வு ஒடுங்கியபின், பழைய அடுக்குகளிற் சில திறந்தபடியே நின்றன. ஏனையவற்றை மணல் ஒன்றுதான் மூடிற்று. ஆதலால், காஞ்சியின் கட்டடக் கலை எவ்வாறு பிறந்து, எவ்வாறு தேர்ந்தது என்பதைக் காஞ்சியில் நின்று அறிவதைக் காட்டிலும் கடல்மல்லையில் நின்று தெளிவாக அறியலாம் என்பது என் துணிபு.

1. தன்னையே மூடிக்கொண்ட நகரம்

இன்று காஞ்சிக்குச் செல்லும் ஒருவர் கண்ணில் முதலிற் படுவது 1509-ஆம் ஆண்டில் கிருஷ்ணதேவராயர் எடுப்பித்த ஏகாம்பரநாதர் கோவிலின் இராஜகோபுரம். அதனைத் தாண்டி உள்ளே செல்பவர், மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்கள் பொறித்த பழந்தூண் ஒன்று பிற்காலக் கட்டட அமைப்பினிடையே அகப்பட்ட கோவில் இது என்பதை எளிதில் எண்ணிப்பார்க்க மாட்டார். 1915-ஆம் ஆண்டில் கோபிநாத ராவ் அவர்கள் காமாட்சியம்மன் கோவிலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பௌத்தப் படிமங்களைக் கண்டு எழுதினார். அவற்றுள் நெடிய புத்தர் திருவுருவம் ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தார் அந்நகரில் நிகழ்த்திய அகழ்வாய்வு, பல்லவருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட மட்கலங்களை வெளிக்கொணர்ந்தது. பௌத்தக் காஞ்சி, சமணக் காஞ்சி, பல்லவக் காஞ்சி, சோழக் காஞ்சி, விஜயநகரக் காஞ்சி என எத்தனையோ காஞ்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே உறங்குகின்றன. ஆனால் மேலடுக்கில் மக்கள் குடியிருக்கிறார்கள், தறி நெய்கிறார்கள், திருவிழா எடுக்கிறார்கள். அவர்களை எழுப்பிவிட்டுத் தோண்ட எவருக்கும் உரிமையில்லை, தோண்டவும் வேண்டா. பல்லவர் அரண்மனையின் ஒரு சுவர்கூட இன்று நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

2. ஆறும் துறையும்

கி.பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அந்நகரின் சுற்றளவு முப்பது லீ என்று குறித்தார். அவரது சரித்திரத்தை எழுதிய ஹுய்லி இன்னும் ஒருபடி மேலே சென்று, காஞ்சியைத் தென்கடலின் வாயில் அமைந்த துறைமுகமென்றும், அங்கிருந்து சிங்களம் மூன்று நாட்கடற்பயணம் என்றும் எழுதினார். கடலிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் உள்ளே கிடக்கும் ஓர் ஊரைத் துறைமுகம் என்று எழுதியதைப் பிழை என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரது கண்ணுக்குத் தலைநகரும் அதன் துறையும் ஒரே நகரமாகவே தோன்றின. கப்பலேறுவது எங்கே என்று வினவியபோது காஞ்சியில் என்றுதான் அவருக்கு விடை கிடைத்திருக்க வேண்டும்.

இதற்குப் பாலாற்றங்கரையே சாட்சி. கழிமுகத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, உறைகிணறுகளும், செங்கற்றொட்டிகளும், ரோமானியச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. பல்லவருக்கு முன்பே கடல்வாணிகம் இவ்வாற்றின் வாயில் நடந்தது என்பதற்கு வேறு பிரமாணம் வேண்டா. அதே கழிமுகப் பகுதியில் வயலூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள சிவன் கோவில் தூணொன்றில் பல்லவ அரசன் இராஜசிம்மன் தன் குலமுறையைப் பொறித்துவைத்தான். பிரமன் தொடங்கித் தன் முன்னோர் அனைவரையும் வரிசைப்படுத்தித் தன்னில் முடிக்கும் நெடிய பட்டியல் அது. ஓர் அரசன் தன் வமிச வரலாற்றைத் தலைநகரின் மையத்தில் பொறிப்பது இயல்பு. அதனை ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் பொறித்தான் என்றால், அவ்விடமும் தலைநகரத்தின் ஓர் அங்கமே என்று அவன் கருதினான் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டுமோ?

காஞ்சிக்கும் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட வழியிலும் பல்லவர் கை படாத பகுதி குறைவு. காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரத்துச் செப்பேடுகள், பரமேசுவரவர்மன் காலத்தில் பாலாற்றிலிருந்து கால் வெட்டிய செய்தியைச் சொல்கின்றன. இச்செங்கற்பட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வல்லத்துக் குடைவரையை எடுப்பித்தவன், மகேந்திரனுக்கு அடங்கிய வயந்தப்பிரியன் என்னும் சிற்றரசனின் மகன் கந்தசேனன். இதை அங்குள்ள தமிழ்ச் சாசனமே தெரிவிக்கிறது. திருக்கழுக்குன்றத்திலோ இன்னும் விசேஷமான சான்று உண்டு. சோழன் முதலாம் ஆதித்தன் அக்கோவிலுக்கு ஒரு தானத்தைப் புதுப்பிக்கையில், அது முன்னொரு காலத்தில் கந்தசிஷ்யன் அளித்தது என்றும், வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அதனைக் காத்துவந்தான் என்றும் சொல்லிவிட்டுத் தானும் அவ்வாறே காப்பதாகக் கூறுகிறான். மூன்று அரசரின் காலம் ஒரே கல்லில் அடுக்கப்பட்டிருக்கிறது. வென்றவன் தோற்றவனது அறத்தை அழிக்காமல் தன் பெயரை அதன்கீழ்ச் சேர்த்துக்கொண்ட இந்த மரபைத் தொண்டைமண்டலத்தின் தனிப் பெருமையாகவே நான் மதிக்கிறேன்.

3. செங்கல்லின்மேல் கருங்கல்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் விளைத்த துயரை இவ்வவையில் உள்ளோர் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வலை மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்துக் கடற்கரையில் மணலை அரித்துச் சென்றபோது, பாறையொன்றில் எழுத்துகள் வெளிப்பட்டன. திருவீழ்ச்சில் என்னும் ஊரில் இருந்த சுப்பிரமணியர் கோவிலுக்கு விட்ட அறத்தைப் பற்றிய சாசனம் அது. ஊர் எங்கே, கோவில் எங்கே என்று தேடித் தொல்லியல் ஆய்வாளர் அடுத்த ஆண்டில் அகழ்ந்தபோது, மணலின் கீழே வடக்கு நோக்கிய கோவிலொன்றின் அடிப்பகுதி தென்பட்டது. எதிரே கல்லில் வடித்த வேல் ஒன்றும் கிடைத்தது.

அங்கே நின்று பார்ப்பவர் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தால் போதும். மேலே பல்லவர் காலத்துக் கருங்கற் கட்டடம். அதன் கீழே, அதே அளவில், பெரிய செங்கற்களால் எழுப்பிய முற்காலக் கருவறை. கருங்கல்லை வைத்தவன் செங்கல்லைப் பெயர்த்தெறியாமல், அதனையே ஆதாரமாக்கி மேலே கட்டியிருக்கிறான். சுடுமண் பலகையொன்றில் கைகோத்துக் குரவை ஆடும் மகளிர் இருக்கிறார்கள். அச்செங்கற் கோவிலைச் சங்ககாலத்ததாகக் கணிக்கும் ஆய்வாளரும் உளர். அது பல்லவருக்கு முந்தியது என்ற அளவே என் கருத்துக்குப் போதும்.

மண்டகப்பட்டுக் குடைவரையில் மகேந்திரவர்மன் பொறித்த சாசனத்தை இங்கே நினைவுகூர வேண்டும். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்கும் இன்றி, அயன் அரன் அரி மூவர்க்கும் விசித்திரசித்தன் ஆகிய தான் ஆலயம் அமைத்ததாக அவன் மகிழ்ந்து கூறுகிறான். இச்சாசனத்தைக் கற்றளியின் தொடக்கவிழாவாகவே நம் பாடநூல்கள் கற்பிக்கின்றன. அதன் மறுபக்கத்தை நான் சுட்ட விரும்புகிறேன். அந்நான்கும் இன்றி என்று ஓர் அரசன் பெருமைப்பட்டால், அன்றைய காஞ்சி முழுவதும் அந்நான்கினாலேயே ஆகியிருந்தது என்பது தானே போதரும். அவன் பிறந்து வளர்ந்த மாளிகை செங்கல்லும் மரமும். அவன் தொழுத கோவிலும் அவையே. அந்நகரம் மக்கிவிட்டது. சாளுவன்குப்பத்து மணல் அதில் ஒரு துண்டை நமக்காகக் காத்துவைத்தது.

4. பாறையில் நிற்கும் மர நகரம்

மக்கிப்போன அந்நகரத்தின் வடிவத்தை நாம் பிரத்தியட்சமாகக் காணக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதுவே மாமல்லபுரத்தில் ஐந்து இரதங்கள் என்று வழங்கப்படும் தொகுதி. பாண்டவர்க்கும் அவற்றுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை, தேர்களும் அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைக் கட்டடத்தின் கல்வடிவம்.

திரௌபதி இரதத்தின் முன் சற்றே நிதானித்து நில்லுங்கள். நாற்புறமும் சரிந்து, நடுவில் புடைத்து இறங்கும் அக்கூரை, நம் நாட்டுப்புறக் கூரைவீட்டின் கூரையே. மூலைகளில் ஓலை பிரியாதிருக்கக் கட்டும் விளிம்புவரை சிற்பி விடவில்லை. அவ்விளிம்பில் கொடிக்கருக்கு ஓடுகிறது. அடித்தளத்தைச் சிங்கமுகமும் யானைமுகமும் மாறிமாறித் தாங்குகின்றன. உள்ளே கொற்றவை நிற்கிறாள். அவள் காலடியில் அடியான் ஒருவன் தன் தலையையே அரிந்து தர முனைகிறான். குடிசையில் குடியிருந்த தெய்வத்தைக் குடிசையோடு கல்லாக்கியிருக்கிறார்கள்! அதே வரிசையில் நிற்கும் பீம இரதம் நீண்ட வண்டிக்கூடு போன்ற கூரையுடையது. ஊர்ப்பொதுவிடமோ அரண்மனை முகப்போ, அதுபோன்ற பெருங்கூடத்தின் உருவம் அது. அதன் முகப்பு வளைவுக்குள் கைமரங்களின் நுனி ஒவ்வொன்றையும் செதுக்கிக் காட்டியிருக்கிறார்கள். பாறையில் கைமரத்துக்கு வேலையே இல்லை. சகதேவ இரதம் யானையின் பின்புறம்போல் வளைந்த முடிவுடையது. அதன் பக்கத்திலேயே முழு யானை ஒன்றையும் செதுக்கி நிறுத்திய சிற்பாசாரியரின் உள்ளத்தில், இரண்டின் ஒப்புமையையும் மக்கள் கண்டு மகிழ வேண்டும் என்ற எண்ணம் இருந்தது என்றே நான் நம்புகிறேன். தருமராஜ இரதத்தில் மேல்மேல் அடுக்கிய மாடங்கள் மாடமாளிகை என்று நம் புலவர் பாடியது எத்தகையது என்பதைக் காட்டுகின்றன.

இவற்றை ஆக்கிய முறையையும் இக்கடற்கரையே சொல்லிக்கொடுக்கிறது. வலையன்குட்டை இரதமும் பிடாரி இரதங்களும் முற்றுப்பெறாதவை. மேலே விமானம் தெளிவாக முடிந்திருக்க, கீழே பாறை பொளியப்படாமல் அப்படியே கிடக்கிறது; மேலிருந்து கீழாக வேலை செய்துகொண்டு வந்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. குன்றின் சரிவுகளில் ஆப்படித்த குழிகள் வரிசையாக இன்றும் உள்ளன. சில வரிசைகளில் பாறை பிளந்திருக்கிறது, சிலவற்றில் குழிகளோடு வேலை நின்றுவிட்டது. 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசினர் சிற்பக் கல்லூரியில் பயின்றோர் இன்றும் உளிகொண்டு அதே வகைக் கல்லோடு போராடுகிறார்கள். முற்றுப்பெறாத இரதங்களின் அருமை அவர்களுக்குத்தான் முழுதும் தெரியும்.

இப்படைப்புகளை எடுப்பித்தவர் யார் என்ற வாதம் நெடியது. மகேந்திரனுக்குப் பின் நரசிம்மவர்மன், பரமேசுவரவர்மன், இராஜசிம்மன் என்ற வரிசையில் இவை வளர்ந்தன என்பது கே. ஆர். சீனிவாசன் முதலிய அறிஞர் கொண்ட முடிவு. 1962-இல் இரா. நாகசாமி அவர்கள் இவையனைத்தும் இராஜசிம்மன் ஒருவன் காலத்துப் படைப்புகளே என்று வலிமையாக வாதித்தார்கள். அவர்களது வாதத்தின் கூர்மையை வணங்குகிறேன்; ஆயினும் தருமராஜ இரதத்தின் கீழ்த்தளங்களில் நரசிம்மன் பெயரும் விருதுகளும் இருக்க, மூன்றாம் தளத்தில் அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம் என்ற பெயர் இருப்பதை நோக்கும்போது, ஒரு தலைமுறை தொடங்கியதை மற்றொரு தலைமுறை ஏற்று நடத்தியது என்பதே எனக்கு இசைவாகப் படுகிறது. ஆதிவராகக் குடைவரையில் சிம்மவிஷ்ணுவையும் மகேந்திரனையும் பெயரெழுதி உருவமாக நிறுத்திய குலம், முன்னோரை மறந்து எல்லாம் தன்னதே என்று சொல்லும் குலமன்று.

5. கரையிலும் நகரிலும் ஒரே கை

பாறையைக் குடைந்த கை, கல்லை அடுக்கிக் கட்டத் துணிந்தது இராஜசிம்மன் காலத்தில் பெருமிதமாக வெளிப்பட்டது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோவிலில் கிழக்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் இரு சிவாலயங்கள். க்ஷத்திரியசிம்ம பல்லவேசுவரம், இராஜசிம்ம பல்லவேசுவரம் என்பன அவற்றின் பெயர்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, கரைப்பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள். அடுக்கிய கல்லும் அடுக்காத பாறையும் ஒரே கோவிலில் ஒன்றையொன்று தழுவி நிற்கும் காட்சி வேறெங்கும் எளிதில் வாய்ப்பதன்று. 1990-இல் அதன் வடபுறத்து மணலை அகற்றியபோது வராக உருவமும், சிறிய வட்டக் கோவிலும், கிணறும் வெளிப்பட்டன. வராகத்தின் பீடத்தில் இராஜசிம்மனின் விருதுகள் இருந்தன.

இங்கிருந்து நேரே காஞ்சிக் கைலாசநாதர் கோவிலுக்குச் செல்பவர்க்கு எதுவும் புதிதாகத் தோன்றாது. பட்டைதீட்டிய இலிங்கம், அதன் பின்சுவரில் சோமாஸ்கந்தர், முன்கால் தூக்கி நிற்கும் சிங்கத் தூண்கள் எல்லாம் கடற்கரையிற் பழகிய முகங்கள். கல் மட்டும் வேறு. அடியிலே கருங்கல் வரிகளை இட்டு, மேலே மணற்கல்லால் எழுப்பினார்கள். மென்கல்லாகையால் சிற்பம் விரைந்து பெருகிற்று. சுற்றாலைச் சிறுகோவில்கள் மட்டும் ஐம்பத்தெட்டு. அதே மென்மையால் அது தேயவும் தொடங்கிற்று. சுதை பூசி, வண்ணம் தீட்டி அதனைக் காத்தார்கள். அவ்வோவியங்களின் எச்சம் சில மாடங்களில் இன்றும் இருக்கிறது. படையெடுத்து வந்த சாளுக்கிய விக்கிரமாதித்தன் இக்கோவிலின் செல்வத்தைக் கண்டு, கவராது திருப்பியளித்ததாக அங்கேயே கன்னடத்தில் எழுதிவைத்தான். அவன் தேவி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த கோவில் இக்கலையின் சாயலை ஏற்றது. நந்திவர்ம பல்லவமல்லன் எடுத்த வைகுந்தப்பெருமாள் கோவிலில் பல்லவர் வரலாறே சுவர்ச் சிற்பமாக ஓடுகிறது. அச்சிற்பங்களை ஆராய்ந்தவருள் முதன்மையானவர் அம்மையார் சி. மீனாட்சி. தம் இளவயதிலேயே 1940-இல் மறைந்தார். அச்சிற்பங்களைப் பற்றிய அவரது நூல் மறுவருஷமே வெளிவந்தது. அவருக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

6. பின்வந்தோர்

சோழர் காலத்தில் மாமல்லபுரம் ஆமூர்க்கோட்டத்து ஊராக இருந்தது. இராஜராஜன் காலத்துச் சாசனமொன்று ஊரார் தம் நிலங்களைக் கூறிட்டுக்கொண்ட உடன்படிக்கையைத் தெரிவிக்கிறது. விஜயநகரத்தார் கோவர்த்தனச் சிற்பத்துக்கு முன்னே மண்டபம் எடுத்தார்கள்; குன்றின்மேல் ஒரு கோபுரத்தைத் தொடங்கி முடிக்காமல் விட்டார்கள். மேலடுக்கு எப்போதும் கீழடுக்கைக் காத்தது என்று நான் சொல்ல வரவில்லை: இராமானுஜ மண்டபம் என்று வழங்கும் குடைவரையின் சுவர்களில் இருந்த சிவச் சிற்பங்களை யாரோ உளியால் முற்றும் சிதைத்துவிட்டார்கள், வடுக்கள் மட்டுமே எஞ்சின. அதைக் காணும்போது மனம் நோகிறது.

டச்சுக்காரர் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி மெல்லிய துணி வாணிகம் செய்தார்கள். திருக்கழுக்குன்றத்து ஒருகல் மண்டபத்தில் தம் பெயர்களையும் கீறிச் சென்றார்கள். ஆங்கிலேயர், மல்லைக் குன்றின்மேல் உள்ள ஒலக்கண்ணேசுவரர் கோவிலின் உச்சியில் கப்பல்களுக்கு விளக்கேற்றி, 1900-ஐ ஒட்டி அருகிலேயே தனிக் கலங்கரைவிளக்கம் எழுப்பினார்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும், கடற்றுறையில் உயர்ந்த மாடத்தின்மேல் இரவில் எரியும் விளக்கு வருகிறது. கரை மாறவில்லை; தொழிலும் மாறவில்லை.

7. ஒரு வேண்டுகோள்

1984-இல் மாமல்லபுரத்துச் சின்னங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பெற்றன. அதனால் அவற்றுக்கு வேலியும் காவலும் உண்டு. அவ்வேலிக்கு வெளியே கிடக்கும் வசவசமுத்திரத்துக்கும், வயலூர்த் தூணுக்கும், வல்லத்துக் குடைவரைகளுக்கும் அத்தகைய கவனம் கிட்டவில்லை. பாலாற்றின் படுகையிலோ மணல் அள்ளி அள்ளி ஆறே தாழ்ந்துவிட்டது. கரையோரம் புதைந்திருக்கும் ஊர்கள் கணக்கெடுக்கப்படுமுன்பே குலைந்துபோகும் அபாயம் மெய்யானது. கூரம் தொடங்கிக் கழிமுகம்வரை ஆற்றின் இருகரையையும் ஒரே ஆய்வுப் பகுதியாகக் கொண்டு ஊர் ஊராகக் குறிப்பெடுக்கும் பணியைப் பல்கலைக்கழகமும் தொல்லியல் துறையும் கூடி மேற்கொள்ள வேண்டுமென்று இவ்வவையின் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன். 2019-இல் தனி மாவட்டமான செங்கற்பட்டும், அதன் தாய் மாவட்டமான காஞ்சிபுரமும் இப்பணியில் எல்லைக்கோடு பாராமல் கைகோக்க வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். மாணவரை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்லும்போது ஐந்து இரதங்களோடும் கடற்கரையோடும் திரும்பிவிடாதீர்கள். காலையில் கைலாசநாதர் கோவிலைக் காட்டி, கூரத்தையும் வல்லத்தையும் திருக்கழுக்குன்றத்தையும் வழியிற் காட்டி, சாளுவன்குப்பத்துச் செங்கல்லை அவர்கள் குனிந்து பார்க்கச் செய்யுங்கள். பேருந்தில் ஒரே நாளில் முடியக்கூடிய பயணம்தான் அது.